மாசிக்காய் முதல் மெற்றோல் வரை: இருட்டறை இரசாயனங்கள் வந்த வழி

புகைப்படக்கலையின் வரலாறு என்று எழுதப்பட்டவற்றுள் பெரும்பாலானவை கமராக்களின் வரலாறாகவோ கமராவைக் கையில் பிடித்தவர்களின் வரலாறாகவோ அமைந்துவிடுகின்றன. கமராவுக்கும் அச்சிட்ட படத்திற்கும் இடையில் ஓர் இருட்டறை இருந்தது. அந்த இருட்டறையில் ஒரு தட்டு நிறையத் திரவம் இருந்தது. அந்தத் திரவம் எந்தத் தூளைக் கரைத்துப் பெறப்பட்டது, அத்தூளை எந்த நாட்டில் எவர் செய்தார், அது எந்தப் பேணியிலும் எந்தப் போத்தலிலும் அடைபட்டுக் கடல் கடந்து வந்தது என்ற கேள்விகளைக் கேட்டவர் குறைவு. கேட்காமல் விட்டதில் வியப்பில்லை. கடையில் கிடைக்கும் வரை எந்தப் பொருளின் ஊரையும் நாம் விசாரிப்பதில்லை.

பத்திரிகை அலுவலகங்களின் இருட்டறைகளில் இத்திரவத்தை நாங்கள் 'மருந்து' என்றே அழைத்தோம். பொருத்தமான பெயர்தான். அதன் ஆதிச் சரக்குகள் நாட்டு மருந்துக் கடைச் சரக்குகளே.

ஒளி பட்ட பிலிமில் முதலில் எதுவும் தெரியாது. வெள்ளி உப்பின் நுண்மணிகளில் ஒளி தொட்டவை எவை, தொடாதவை எவை என்ற வேறுபாடு மட்டும் மறைவாகப் பதிந்திருக்கும். டிவலப்பர் எனப்படும் உருத்துலக்கி, ஒளி தொட்ட மணிகளை மட்டும் கருநிற வெள்ளி உலோகமாக மாற்றுகிறது. பிக்ஸர் எனப்படும் நிலைநிறுத்தி, எஞ்சிய வெள்ளி உப்பைக் கரைத்து அகற்றுகிறது. முதலாவது இல்லையேல் படம் தோன்றாது. இரண்டாவது இல்லையேல் தோன்றிய படம் நிலைக்காது.

இவ்விரண்டினுள் நிலைநிறுத்தியே முதலில் கண்டறியப்பட்டது. ஆங்கில விஞ்ஞானி ஜோன் ஹேர்ஷல், 1819இல், புகைப்படம் என்ற ஒன்று பிறப்பதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னரே, சோடாவின் ஐப்போசல்பைற்று என்று அன்று அழைக்கப்பட்ட உப்பு வெள்ளி உப்புகளைக் கரைக்கும் என்பதைக் கண்டு எழுதிவைத்தார். 1839இல் டாகேரும் டல்பொட்டும் தத்தம் முறைகளை அறிவித்தபோது ஹேர்ஷலின் பழைய குறிப்பு பயன்பாட்டுக்கு வந்தது. அந்த உப்பின் சரியான பெயர் சோடியம் தயோசல்பேற்று என்று இரசாயனவியலாளர் பின்னர் திருத்தினார்கள். புகைப்படக்காரர்கள் திருந்தவில்லை. 'ஹைப்போ' என்ற பெயர் இருட்டறையின் கடைசி நாள் வரை நிலைத்தது.

உருத்துலக்கியின் கதை மாசிக்காயில் தொடங்குகிறது. பிரசவம் கண்ட வீடுகளில் பிள்ளைக்கு உரைத்துக் கொடுக்கும் அதே மாசிக்காய்தான். மேற்காசியப் பகுதியில் ஒருவகை ஓக் மரத்தின் கிளையில் பூச்சி முட்டையிடும்போது மரம் வளர்க்கும் புடைப்பு அது. அதிலிருந்து பெறப்படும் கலிக் அமிலம் மறைந்திருக்கும் படத்தை வெளிக்கொணர்வதை டல்பொட் 1840இல் கண்டார். கலிக் அமிலத்தைச் சூடாக்கினால் பைரோகலோல் கிடைக்கும். புகைப்படக்காரர் அதைப் 'பைரோ' என்றனர். 1851இல் பிரெடரிக் ஸ்கொட் ஆர்ச்சர் தமது ஈரக் கொலோடியன் முறையை வெளியிட்டபோது அதற்குப் பைரோவையே பயன்படுத்தினார். சில ஆண்டுகளில் அதன் இடத்தை அன்னபேதி பிடித்துக்கொண்டது. மாசிக்காயும் அன்னபேதியும் சேர்ந்தால் கிடைப்பது பழங்காலத்துக் கறுப்பு மை. எழுத்துக்கும் படத்துக்கும் ஒரே சரக்குப் பயன்பட்டது என்பது பத்திரிகைக்காரனாகிய எனக்குச் சற்று மகிழ்ச்சி தரும் செய்தி.

ஈரக் கொலோடியன் காலத்தில் பொதி என்று தனியாக ஒன்று இருக்கவில்லை. இரசாயனக்கூடம் முழுவதுமே பொதியாகப் பயணம் செய்தது. கண்ணாடித் தட்டில் கொலோடியனைப் பூசி, வெள்ளி நைத்திரேற்றில் தோய்த்து, ஈரம் உலர்வதற்குள் படமெடுத்து, அந்த ஈரத்துடனேயே துலக்கியாக வேண்டும். வெப்பமான இடத்தில் அதற்குச் சில நிமிடங்களே கிடைக்கும். 1855இல் கிரிமியப் போருக்குச் சென்ற ரோஜர் பென்ரன் ஒரு மதுவணிகரின் வண்டியை இருட்டறையாக மாற்றி, 36 பெட்டிகளும் 700 கண்ணாடித் தட்டுகளும் ஏற்றிச் சென்றார். உள்ளே வெப்பம் தாங்கவில்லை என்றும், தட்டில் பூசி முடிப்பதற்குள் கொலோடியன் உலர்ந்துபோனது என்றும் அவர் முறையிட்டிருக்கிறார்.

இலங்கைக்கும் இக்கதையில் ஓர் இடம் உண்டு. எமது அரசியல் வரலாற்றைப் படித்தவர்கள் கோல்புறூக் - கமரன் ஆணைக்குழுவை அறிவார்கள். அந்த ஆணையாளர் சாள்ஸ் ஹே கமரனின் மனைவிதான் ஜூலியா மார்கரட் கமரன். இங்கிலாந்தில் டெனிசனையும் டார்வினையும் ஹேர்ஷலையும் படமெடுத்துப் புகழ் பெற்றவர். 1875இல் கணவரின் கோப்பித் தோட்டங்களை நாடிக் குடும்பத்துடன் இலங்கை வந்தார். 1879இல் இங்கேயே காலமாகி, பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார். இங்கிலாந்தில் நூற்றுக்கணக்கான படங்களை எடுத்தவரின் இலங்கைப் படங்களில் முப்பதுக்கும் குறைவானவையே எஞ்சியுள்ளன. வயதும் குடும்பச் சுமையும் காரணங்களாக இருக்கலாம். ஆயினும் கொலோடியனும் வெள்ளி நைத்திரேற்றும் கப்பலில் வரவேண்டிய நாட்டில், வெயிலில் ஈதர் ஆவியாகிப் பறக்கும் காலநிலையில், தட்டைக் கழுவத் தூய நீரும் எளிதில் வாய்க்காத தோட்டப்புறத்தில், அம்முறையைத் தொடர்வது எத்துணை கடினம் என்பதை எண்ணிப் பார்த்தால் போதும். களுத்துறைக்கு 1877இல் வந்த ஓவியர் மரியான் நோர்த்தை அவர் எடுத்த படங்கள் நமக்குக் கிடைத்திருப்பது பெரிய காரியம்.

இந்த நிலையை மாற்றியது உலர்தட்டு. 1871இல் ரிச்சர்ட் லீச் மடொக்ஸ் ஜெலற்றினில் வெள்ளி உப்பைக் கலந்து பூசும் முறையை வெளியிட்டார். பத்தாண்டுகளுக்குள் தொழிற்சாலைகள் ஆயத்தத் தட்டுகளைப் பெட்டியில் அடைத்து விற்கத் தொடங்கின. தட்டுப் பூசும் வேலை புகைப்படக்காரனின் கையிலிருந்து நீங்கியது. துலக்கும் வேலை மட்டும் அவனிடம் எஞ்சியது. அதற்குரிய செய்முறையைத் தட்டுப் பெட்டியின் மேலேயே அச்சிட்டுக் கொடுத்தார்கள். அதைப் பார்த்து அவன் மருந்துக் கடைக்குச் சென்று பைரோவும் சோடாவும் புரோமைட்டும் தனித்தனியே வாங்கி, தராசில் நிறுத்துக் கலந்தான்.

இங்குதான் பொதியின் பிரச்சினை பிறக்கிறது. உருத்துலக்கிக்கு இருக்கும் ஆற்றலே அதன் பலவீனம். வெள்ளி உப்பிலிருந்து உலோகத்தை விடுவிக்கும் அதே வேட்கையுடன் அது காற்றிலுள்ள ஒட்சிசனையும் பற்றிக்கொள்கிறது. திறந்து வைத்த பைரோக் கரைசல் சில மணி நேரத்தில் தேயிலைச் சாயம்போல் கறுத்துச் செயலிழந்துவிடும். 1882இல் பேர்க்லி என்ற ஆங்கிலேயர் சோடியம் சல்பைற்றைச் சேர்த்தால் இக்கேடு பெருமளவு தடுக்கப்படும் என்று காட்டினார். அதன் பிறகுதான் உருத்துலக்கியைப் போத்தலில் அடைத்து விற்கலாம் என்ற எண்ணத்துக்கே வழி பிறந்தது. போத்தலுக்குள் எஞ்சும் காற்றே எதிரி என்பதால், திரவம் குறையக் குறையக் கண்ணாடிப் போளைகளை உள்ளே போட்டு மட்டத்தை விளிம்பு வரை உயர்த்தி மூடுவது பழைய இருட்டறைக்காரரின் வழக்கம். சிறுபிள்ளைகள் விளையாடும் அதே போளைகள்தான்.

நிறுப்பதும் எளிதன்று. ஒரே உப்பு பளிங்காகவும் வரும், நீர் நீங்கிய தூளாகவும் வரும். நூறு கிராம் சோடியம் சல்பைற்றுத் தூளுக்குப் பதிலாகப் பளிங்கைப் போடுவதானால் இருநூறு கிராம் வேண்டும். சலவைச் சோடாவில் இந்த வேறுபாடு ஏறத்தாழ 2.7 மடங்கு. செய்முறைப் புத்தகம் எதைக் கருதுகிறது, கடைக்காரன் எதைக் கொடுத்தான் என்று அறியாதவன் கையில் நல்ல பிலிமும் பாழாகும்.

இந்தத் தலைவலியை முதலில் காசாக்கிய நிறுவனங்களுள் ஒன்று லண்டனில் இயங்கிய பறோஸ் வெல்கம் மருந்து நிறுவனம். இரு அமெரிக்கர்கள் நிறுவிய அக்கம்பனி, மருந்தை அளந்து அழுத்தி வில்லையாக்கி விற்பதில் பெயர் பெற்றது. தன் வில்லைகளுக்காக 1884இல் 'ரப்ளொயிட்' என்ற சொல்லைப் புதிதாக ஆக்கி வணிகக் குறியாகப் பதிந்துகொண்டது. தலைவலிக்கு ஒரு வில்லை என்றால் இருட்டறைக்கும் ஏன் ஒரு வில்லை இருக்கக்கூடாது என்று அவர்கள் எண்ணியிருக்க வேண்டும். உருத்துலக்கும் சரக்குகள் அளவாக அழுத்தப்பட்ட வில்லைகளாகச் சிறு கண்ணாடிக் குழாய்களில் வந்தன. தராசு தேவையில்லை. இத்தனை நீருக்கு இத்தனை வில்லை, அவ்வளவுதான். புகைப்படக்காரருக்காக ஆண்டுதோறும் ஒரு கையடக்க நாட்குறிப்பையும் அவர்கள் வெளியிட்டார்கள். அதில் ஒளிக்கணக்கும் இருந்தது, தங்கள் வில்லைகளின் விளம்பரமும் இருந்தது.

இச்சொல் எங்கள் தொழிலுக்குள் வந்த கதையையும் சொல்லிவிட வேண்டும். சுருக்கி அழுத்தியது எதற்கும் 'ரப்ளொயிட்' என்று மக்கள் பெயர் சூட்டத் தொடங்கினர். 1901 ஜனவரி முதலாந் திகதி, அல்பிரட் ஹாம்ஸ்வேர்த் நியூயோர்க்கின் 'வேர்ல்ட்' பத்திரிகையை ஒருநாள் மட்டும் தாமே ஆசிரியராக இருந்து, பாதி அளவில், சுருங்கிய செய்திகளுடன் வெளியிட்டார். சிறு அளவுப் பத்திரிகைக்கு அப்பெயர் ஒட்டிக்கொண்டது. மருந்துக் கம்பனி தன் வணிகக் குறியைக் காக்க 1903இல் நீதிமன்றம் ஏறியது. மருந்துச் சந்தையில் அதன் உரிமை காப்பாற்றப்பட்டது. சொல்லோ அதற்குள் ஊர்ச் சொத்தாகிவிட்டது. இன்று ரப்ளொயிட் என்றால் வில்லையை எவரும் நினைப்பதில்லை.

இதே காலத்தில் ஜேர்மனியில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. நிலக்கரித் தாரிலிருந்து செயற்கைச் சாயம் செய்யும் தொழிற்சாலைகள் அங்கே பெருகியிருந்தன. சாயத்துக்கான இடைநிலைப் பொருட்களும் உருத்துலக்கிகளும் இரசாயன முறையில் நெருங்கிய உறவினர். பேர்லினின் அனிலின் சாயக் கம்பனியான அக்பாவில் பணியாற்றிய மொம்மே அண்ட்ரேசன் 1891இல் பாரா அமினோபீனோலை உருத்துலக்கியாகக் காப்புரிமை செய்தார். அதன் செறிந்த கரைசல் 'ரோடினல்' என்ற பெயரில் போத்தலில் வந்தது. ஒரு பங்கு மருந்துக்கு இருபத்தைந்து, ஐம்பது, நூறு பங்கு நீர் என்று கலந்தால் போதும். பல்லாண்டுகள் திறந்து கிடந்த போத்தலும் வேலை செய்யும் என்பது அதன் புகழ். இன்றும் விற்பனையிலுள்ள உருத்துலக்கிகளில் மிகப் பழையது அதுவே. அதே 1891இல் ஸ்ரட்காட் அருகே ஹௌப் நிறுவனத்தில் அல்பிரட் பொகிஷ் கண்டறிந்த மற்றொரு பொருள் 'மெற்றோல்' என்ற வணிகப் பெயர் பெற்றது.

மெற்றோல் விரைவாகப் படத்தின் நுண்விபரத்தைக் கொணரும். முன்னரே அறியப்பட்டிருந்த ஐதரோகுவினோன் மெதுவாக ஆனால் ஆழ்ந்த கறுப்பைத் தரும். இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தால் ஒவ்வொன்றின் தனி ஆற்றலின் கூட்டுத்தொகையையும் விஞ்சி வேலை செய்யும். எம்.கியூ. என்று சுருக்கப்பட்ட இந்தக் கலவை இருபதாம் நூற்றாண்டு முழுவதும் உலகின் இருட்டறைகளை ஆண்டது. 1914 தொடக்கத்தில் லண்டனிலோ நியூயோர்க்கிலோ கொழும்பிலோ ஒருவர் எம்.கியூ. கலக்கினால், அதிலுள்ள மெற்றோல் பெரும்பாலும் ஜேர்மனியச் சரக்கு. பைரோவுக்கு மாசிக்காய் இருந்தது. மெற்றோலுக்குக் காடும் இல்லை, மரமும் இல்லை. அதற்கு ஒரு சாயத் தொழிற்சாலை வேண்டும்.

1914 ஓகஸ்ட் 4ஆந் திகதி பிரித்தானியா போர் அறிவித்தது. மெற்றோல் நின்றுபோனது. கையிருப்பு வைத்திருந்தவர்கள் விலையை ஏற்றினார்கள். மெற்றோல் என்ற பெயரில் வேறெதையோ கலந்து விற்றவர்களும் இருந்தார்கள். புகைப்படக்காரர் சிலர் பைரோவுக்குத் திரும்பினர், சிலர் ஐதரோகுவினோனை மட்டும் வைத்துச் சமாளித்தனர். உலகின் பொட்டாசிய உப்புக்கும் அன்று ஜேர்மனியச் சுரங்கங்களே மூலமாக இருந்தமையால், பொட்டாசியம் காபனேற்று இருந்த இடத்தில் சோடியம் காபனேற்று வந்தது. போர்க்களத்துக்கு மேல் பறந்த விமானங்களிலிருந்து எதிரியின் பதுங்குகுழிகளைப் படமெடுக்க வேண்டிய காலம் அது. எதிரியைப் படமெடுக்கும் மருந்தை அதுவரை எதிரியிடமே வாங்கிக்கொண்டிருந்தோம் என்பதை நேச நாடுகள் உணர்ந்தன. வழமையாக வந்த பொருள் ஒருநாள் வராமல் நின்றால் என்னவாகும் என்பதைப் பொருளாதாரத் தடைக்குள் வாழ்ந்த எமது வடபகுதி வாசகருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சட்டம் முதலில் வழிவிட்டது. பிரித்தானியா எதிரி நாட்டவரின் காப்புரிமைகளையும் வணிகக் குறிகளையும் இடைநிறுத்த விதிகளை இயற்றியது. அமெரிக்கா 1917இல் போரில் இறங்கியதும் ஜேர்மனியரின் உடைமைகளைப் பொறுப்பேற்க ஓர் அதிகாரியை நியமித்தது. கைப்பற்றிய இரசாயனக் காப்புரிமைகள் 1919இல் ஓர் அமெரிக்க அமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டன. மெற்றோல் பல பெயர்களில் மறுபிறவி எடுத்தது. கொடாக் அதை 'எலோன்' என்றது. வேறு நிறுவனங்கள் பிக்டோல் என்றன, ரோடோல் என்றன. பழைய செய்முறைப் புத்தகங்களைப் புரட்டும் இளைஞர்கள் இவற்றை வெவ்வேறு பொருட்கள் என்று எண்ணித் தடுமாறுவதுண்டு. எல்லாம் ஒரே தூள்தான்.

காப்புரிமையைப் பறிப்பது எளிது, செய்யத் தெரிய வேண்டுமே. அமெரிக்க ஆய்வுகூடங்கள் கூட அதுவரை தம் அரிய இரசாயனங்களைப் பேர்லினின் கால்பௌம் நிறுவனத்திடமிருந்தே வரவழைத்தன. 1918இல் ரொச்செஸ்ரர் நகரில் கொடாக்கின் ஆய்வுத் தலைவர் கென்னத் மீஸ், ஹான்ஸ் கிளார்க் என்ற இரசாயனவியலாளரின் பொறுப்பில் ஒரு தனிப் பிரிவைத் தொடங்கினார். சேதன இரசாயனங்களைச் சிறு அளவுகளில் செய்து, போத்தலில் அடைத்து, அமெரிக்க ஆய்வுகூடங்களுக்கு விற்பது அதன் வேலை. பிலிம் விற்ற கம்பனி அடுத்த பல பத்தாண்டுகளுக்கு நாட்டின் ஆய்வுகூட அலுமாரிகளையும் நிரப்பியது. 1920இல் ஜோர்ஜ் ஈஸ்ட்மன் ரெனசி மாநிலத்தின் கிங்ஸ்போர்ட்டில், அரசாங்கம் போர்க்காலத்தில் கட்டத் தொடங்கி முடிக்காது விட்ட மரவடிப்பு ஆலை ஒன்றை வாங்கினார். பிலிமின் அடித்தளத்துக்கு வேண்டிய மெதனோலை மரத்திலிருந்து எடுப்பதே நோக்கம். அந்தச் சிற்றாலை பிற்காலத்தில் ஈஸ்ட்மன் கெமிக்கல் என்ற பெருநிறுவனமாக வளர்ந்து, 1994இல் தாய்க் கம்பனியை விட்டுப் பிரிந்தது. தாய் 2012இல் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. பிரிந்து போன பிள்ளை இன்றும் நன்றாகவே இருக்கிறது.

என் பார்வையில், இந்த வரலாற்றின் மிக முக்கியமான செயல் ஒரு தொழிற்சாலையைக் கட்டியதன்று. 1927இல் கொடாக் நிறுவனம் டி-76 என்ற உருத்துலக்கியின் செய்முறையை அச்சிட்டு வெளியிட்டதுதான். சினிமாச் சுருளுக்காக ஜோன் கப்ஸ்ராப் உருவாக்கிய கலவை அது. ஒரு லீற்றர் நீரில் மெற்றோல் 2 கிராம், சோடியம் சல்பைற்று 100 கிராம், ஐதரோகுவினோன் 5 கிராம், வெண்காரம் 2 கிராம். நான்கே சரக்கு. பிரித்தானியாவின் இல்போர்ட் நிறுவனம் ஐடி-11 என்று விற்றதும் இதே கலவைதான். சினிமா ஆய்வுகூடங்கள் பெருந்தொட்டிகளில் தாமே கலக்க வேண்டியிருந்தமையால் செய்முறையை மறைப்பதில் கொடாக்குக்கு இலாபமில்லை. தனித்தனிச் சரக்குகளையும் அதுவே விற்றது. எனவே இதைத் தருமம் என்று கொள்ள வேண்டாம். பின்னாளில் வந்த பல உருத்துலக்கிகளின் செய்முறையை அதே கம்பனி வெளியிடவில்லை. 1960களில் வந்த எச்சி-110 என்ற பாகுபோன்ற திரவத்தின் கலவையைக் காப்புரிமை ஆவணங்களிலிருந்து ஊகிக்கத்தான் முடிந்தது.

டி-76 பொதியாகவும் வந்தது. அதில் ஒரு நுட்பம் உண்டு. மெற்றோலும் ஐதரோகுவினோனும் காரப்பொருளோடு ஒரே பையில் கிடந்தால், சிறிது ஈரம் புகுந்தாலே ஒன்றோடொன்று வேலை செய்து கெட்டுவிடும். ஆகவே ஐடி-11 இரண்டு பைகளாக வந்தது. 'ஏ' என்ற சிறிய பையை முதலில் கரைத்து, 'பி' என்ற பெரிய பையைப் பின்னர் கரைக்க வேண்டும். மாற்றிப் போட்டால், சல்பைற்று நிறைந்த நீரில் மெற்றோல் கரைய மறுத்து வெள்ளைத் துகளாக நிற்கும். கொடாக் பின்னர் எல்லாவற்றையும் ஒரே பையில் அடைக்கும் வழியைக் கண்டது. ஆயினும் மங்கிய மஞ்சள் நிறமாகிப் போன பழைய பொதியை எந்த அனுபவசாலியும் தொடமாட்டார். தூளின் நிறம் மாறுவதே ஈரம் உட்புகுந்ததற்கு அடையாளம்.

எங்களைப் போன்ற நாடுகளில் இன்னொரு சிக்கல். பொதியின் மேல் அச்சிட்ட நேரமும் வெப்பநிலையும் 20 பாகை செல்சியஸை அடிப்படையாகக் கொண்டவை. கொழும்பில் குழாய் நீரே முப்பதைத் தொடும். மருந்து அவசரமாக வேலை செய்யும், ஜெலற்றின் வீங்கிக் குழையும். வெப்ப நாடுகளுக்கென்று கொடாக் வெளியிட்ட டிகே-15 என்ற செய்முறையில் ஜெலற்றின் வீங்காமலிருக்கச் சோடியம் சல்பேற்றுச் சேர்க்கப்பட்டது. நிலைநிறுத்தியில் படிகாரம் சேர்த்து ஜெலற்றினை இறுக்குவதும் உண்டு. வசதியில்லாத இடங்களில் ஐஸ் கட்டி வாங்கித் தட்டைச் சுற்றி வைத்தார்கள்.

1990களின் தொடக்கத்தில் நான் பணியாற்றிய கொழும்புப் பத்திரிகையொன்றின் இருட்டறையில் மஞ்சள் பெட்டியில் வந்த ஆயத்தப் பொதிகள் மேல்தட்டில் இருந்தன. கீழ்த்தட்டில் சரைகள் இருந்தன. எமது மூத்த புகைப்படக்காரர் சரக்குகளைத் தனித்தனியே மொத்தமாக வாங்கி, ஒருமுறைக்கு வேண்டிய அளவை நிறுத்து, எமது பத்திரிகையின் பழைய தாளிலேயே கச்சான் கடைக்காரர் போலச் சரை சுற்றி, மெழுகுத் தாள் உறையில் போட்டு வைப்பார். ஆயத்தப் பொதி வாங்கக் கணக்குப் பகுதி கையெழுத்திடாத மாதங்களில் கீழ்த்தட்டே படங்களை வெளிக்கொணர்ந்தது. அவர் விரல் நகங்கள் பழுப்பேறியிருந்தன. மெற்றோல் சிலரது தோலில் ஆறாத கரப்பானை உண்டாக்கும் என்பதால் வெறுங்கையைத் தட்டில் விட எங்களை அவர் அனுமதித்ததில்லை. பழைய ஹைப்போவை அவர் ஊற்றிவிடுவதும் இல்லை. படத்தில் தங்காத வெள்ளி அதில்தான் கரைந்திருக்கிறது. அதை வாங்கிச் சென்று வெள்ளியைப் பிரித்தெடுப்பவர்கள் இருந்தார்கள்.

பத்தாண்டுகளில் எண்முறைக் கமரா இருட்டறையை மூடிவிட்டது. தொழிற்சாலைகளும் ஒன்றன்பின் ஒன்றாகத் தளர்ந்தன. இல்போர்ட் 2004இல் நிதிநெருக்கடியில் வீழ்ந்து, அதன் கறுப்பு வெள்ளைப் பிரிவை முகாமையாளர்களே வாங்கியமையால் தப்பியது. அக்பாவின் பிலிம் தொழிலைப் பொறுப்பேற்ற அக்பாபோட்டோ 2005இல் நொடிந்தது. ஆனால் வைகிங்கன் நகரிலிருந்த அதன் இரசாயன ஆலையைப் புதிய நிறுவனமொன்று தொடர்ந்து நடத்தியது. ரோடினல் என்ற பெயரின் உரிமை சிக்கலானமையால் அதே திரவம் சில சந்தைகளில் 'அடோனல்' என்று பெயர் மாறி வந்தது. 1847இல் தொடங்கிய ஜேர்மனியின் ரெற்றெனல், பிற்காலத்தில் கொடாக் பெயரிலான மருந்துகளையும் செய்து கொடுத்துக்கொண்டிருந்தது. 2018இல் அது நொடிந்தபோது பெயர்களும் போத்தல்களும் வெவ்வேறாக இருந்தும் உள்ளே இருந்தவற்றில் பல ஓரிடத்திலிருந்து வந்தவை என்பது பலருக்கு அப்போதுதான் தெரிந்தது. கொடாக் மருந்துகளுக்கான உரிமம் 2020இல் ஒரு சீன நிறுவனத்திடமும் 2023இல் மிச்சிகனிலுள்ள ஓர் அமெரிக்க நிறுவனத்திடமும் கைமாறியது. 1914இன் தட்டுப்பாட்டுக்குப் போர் காரணம். இம்முறை காரணம் வாங்குவோர் இன்மை.

இந்த இடைவெளியில்தான் 1927இன் அச்சுத்தாள் மீண்டும் கைக்கு வந்தது. மறைக்கப்பட்ட கலவை ஒன்று சந்தையை விட்டு நீங்கினால் அதன் கதை பெரும்பாலும் முடிந்தது. டி-76க்கு அந்த நிலை இல்லை. பொதி கிடைக்காத ஊரில் நான்கு சரக்கும் ஒரு தராசும் போதும். அமெரிக்காவின் மொன்ரானாவில் இருந்து ஒரு சிறு நிறுவனம் பழைய செய்முறைகளுக்கான சரக்குகளை அளந்து பொதிசெய்து அனுப்புகிறது. பழைய மருந்துக் கடை வேலைதான் அது. நிலைமை நெருக்கினால் கோப்பியும் உதவும். 1995இல் ரொச்செஸ்ரர் தொழில்நுட்ப நிறுவகத்தில் ஸ்கொட் வில்லியம்ஸ் என்ற ஆசிரியரும் அவரது மாணவர்களும் உடனடிக் கோப்பித் தூளையும் சலவைச் சோடாவையும் கலந்து பிலிமைத் துலக்கிக் காட்டினர். அதில் வேலை செய்வது கபீன் அன்று, கபேயிக் அமிலம். கமரன் குடும்பத்தை இலங்கைக்கு இழுத்துவந்த கோப்பித் தோட்டங்கள் இலை நோயில் அழிந்து நூறாண்டுக்கு மேலாகிவிட்ட பின்னர் தெரியவந்த செய்தி இது.

டி-76இன் நான்கு சரக்குகளில் வெண்காரத்தை நாட்டு மருந்துக் கடையிலேயே வாங்கலாம். சோடியம் சல்பைற்று உணவு பதனிடுவோரிடமும் நீர் சுத்திகரிப்போரிடமும் உண்டு. ஐதரோகுவினோன் தோல் வெளுக்கும் களிம்புகளில் சேர்க்கப்பட்டு, தீங்கு அறியப்பட்ட பின் ஐரோப்பிய ஒன்றியத்தில் அத்தகைய களிம்புகளில் தடைசெய்யப்பட்டது. இரசாயன விற்பனையாளரிடம் அது கிடைக்கும். மெற்றோல் மட்டும் இன்னமும் வரவழைக்க வேண்டிய பொருளாகவே இருக்கிறது. இணையத்தில் விசாரித்தால் இன்று பதில் எழுதுபவர்கள் ஸ்ரட்காட்காரர்கள் அல்லர், இந்தியாவிலும் சீனாவிலும் உள்ள தயாரிப்பாளர்கள். பெரும்பாலும் இருபத்தைந்து கிலோப் பீப்பாயாகத்தான் விற்போம் என்கிறார்கள். ஒரு லீற்றருக்கு வேண்டியது இரண்டு கிராம்.